மகிழ மரத்தடியில் ஏமாந்தது யார்? மாறுவேடக் கதைகளின் உள்கணக்கு

மாசி மாதம் திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில் பிரம்மோற்சவம் நடக்கும்போதெல்லாம் சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்ததை நினைவுகூரும் மகிழடி சேவை பற்றிச் செய்தி வரும். கூடவே ஒரு குழப்பமும் வரும். கதை தெரியாதவர்களை விட, தெரிந்தவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். சுந்தரர் ஒரு பெண்ணிடம் செல்லாத சத்தியம் செய்யத் திட்டம் போடுகிறார். சிவபெருமான் அவரிடம் சரி என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் போய் மாற்று வழி சொல்லிக் கொடுக்கிறார். அடியவர் ஒரு பெண்ணை டபாய்க்கப் பார்க்க, ஆண்டவன் அடியவரை டபாய்க்கிறார். இதைத் திருவிழாவாக வேறு கொண்டாடுகிறோம். இது எப்படிச் சரியாகும்?

இந்தக் கேள்வி ஒற்றியூரோடு நிற்பதில்லை. நம் காவியங்களிலும் புராணங்களிலும் பாதிக் கதை மாறுவேடத்தில்தான் நகர்கிறது. சில வேடங்களை நாம் கும்பிடுகிறோம், சிலவற்றைச் சபிக்கிறோம். எந்தக் கணக்கில் என்று பார்ப்போம்.

முதலில் ஒற்றியூர்க் கதை

கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் இது வருகிறது. ஒற்றியூருக்கு வடமேற்கே, செங்குன்றத்தைத் தாண்டினால் இன்றும் ஞாயிறு என்று ஓர் ஊர் உண்டு. அங்கே பிறந்தவர் சங்கிலியார். சிவனடியார் ஒருவரைத் தவிர வேறு யாரையும் மணப்பதில்லை என்று உறுதியாக இருந்ததால், ஒற்றியூரில் கன்னிமாடம் அமைத்து அங்கே தங்க வைக்கிறார்கள். திரைக்குப் பின்னால் அமர்ந்து சுவாமிக்குப் பூ தொடுப்பது அவர் வேலை. அங்கேதான் சுந்தரர் அவரைப் பார்க்கிறார்.

சுந்தரர் சிவபெருமானிடம் கேட்கிறார். சிவபெருமான் சங்கிலியார் கனவில் வந்து பேசுகிறார். சங்கிலியார் தடுமாறவில்லை, சுந்தரர் திருவாரூரில் மகிழ்ந்து வாழ்கிறவர் ஆயிற்றே என்று நினைவூட்டுகிறார். திருவாரூரில் சுந்தரரின் மனைவி பரவையார் இருக்கிறார். சரி, உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்வார் என்கிறார் இறைவன்.

சுந்தரருக்கு இங்கே சிக்கல். பல தலங்களுக்கும் போய்ப் பாட வேண்டியவர். ஒரே ஊரில் கட்டுப்பட முடியாது. அதனால் ஒரு வேண்டுகோள் வைக்கிறார்: நான் சத்தியம் செய்ய இவளோடு சன்னிதிக்கு வரும்போது, நீங்கள் கருவறையை விட்டு வெளியே மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள். ஆள் இல்லாத சன்னிதியில் செய்த சத்தியம் கட்டாது என்பது கணக்கு. இறைவன் சம்மதிக்கிறார். சம்மதித்துவிட்டு மறுபடி சங்கிலியார் கனவுக்குப் போய், சன்னிதியில் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் கேள் என்று சொல்கிறார்.

மறுநாள் விடியலில் சுந்தரர் உற்சாகமாகச் சன்னிதிக்கு அழைக்கிறார். தோழிமார் குறுக்கே வருகிறார்கள்: இதற்காகச் சுவாமி முன்னால் சத்தியம் செய்வதா, மகிழ மரத்தடியே போதும். சுந்தரர் திகைக்கிறார். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். தன் சூழ்ச்சியை வெளியே சொல்லாமல் அவரால் மறுக்கவே முடியாது. மூன்று முறை மகிழ மரத்தை வலம் வந்து சத்தியம் செய்கிறார்.

திருமணம் நடக்கிறது. வசந்த காலம் வருகிறது, ஆரூர் நினைவு வருகிறது, கிளம்புகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போகிறது.

வேடம் எத்தனை வேலை செய்யும்?

வேடம், வஞ்சம் இரண்டையும் ஒரே பையில் போடுவதால்தான் பாதிக் குழப்பம். வேடம் ஒரு கருவி. அதை எடுப்பவர் நோக்கம் நான்கில் ஒன்றாக இருக்கும்.

1. பறிப்பதற்கு: இராவணன் துறவியாக வந்தது, இந்திரன் கௌதமராக வந்தது.
2. மறைந்து பிழைப்பதற்கு: பாண்டவர்கள் விராட நகரில் இருந்தது.
3. சோதிப்பதற்கு: நாயன்மார் கதைகளில் சிவன் வருவது.
4. வேவு பார்ப்பதற்கு: ஒற்றர்கள்.

காதலுக்காகப் போடுகிற வேடத்தை எங்கே சேர்ப்பது என்று கேட்கலாம். வள்ளியிடம் முருகன் வேடனாக வந்து, ஆட்கள் வந்ததும் வேங்கை மரமாகி, அப்புறம் தேனும் தினைமாவும் கேட்கும் கிழவராக வந்ததைச் சோதனை என்பதா, விளையாட்டு என்பதா? சென்னை வால்டாக்ஸ் சாலையின் ஒற்றைவாடை நாடகக் கொட்டகைக் காலத்திலிருந்து கிராமத்து மேடை வரை வள்ளி திருமணத்தைப் பார்க்கிறவர்கள் அதை ஏமாற்று என்று நினைத்ததில்லை. அது ஒரு தனி இனம், இங்கே விட்டுவிடலாம்.

ஏமாறுவது கண் அல்ல

வேடம் பலிப்பதற்கு ஒப்பனை காரணம் என்று நினைக்கிறோம். கதைகளைக் கவனித்தால், வேடம் போடுகிறவன் எதிராளியின் கண்ணைக் குறி வைப்பதே இல்லை. எதிராளி எந்த நெறியை மீறமாட்டானோ, அதைக் குறி வைக்கிறான்.

இராவணன் பலசாலி, பறக்கும் தேர் வைத்திருப்பவன். ஆனாலும் முக்கோல் பிடித்த துறவியாக வருகிறான். காரணம், வாசலில் வந்த துறவியை உபசரிக்காமல் சீதை இருக்கமாட்டாள். இலட்சுமணன் கிழித்த கோட்டைத் தாண்டியதால் வந்த வினை என்று பேசுவது வழக்கம். அந்தக் கோடு வான்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. சீதை எந்தக் கட்டளையையும் மீறவில்லை. விருந்தோம்பும் நெறிப்படி நடந்தாள், அந்த நெறியே கண்ணியானது.

இதை இன்னும் கூர்மையாகக் காட்டுவது மெய்ப்பொருள் நாயனார் கதை. திருக்கோவலூர் மன்னர் அவர். போரில் அவரை வெல்ல முடியாத முத்தநாதன், உடம்பெல்லாம் நீறு பூசி, சடையை முடித்துக் கட்டி, ஓலைச்சுவடிக் கட்டுக்குள் ஆயுதத்தை ஒளித்து வருகிறான். ‘மைபொதி விளக்கே என்ன மனத்தினுள் கறுப்பு வைத்து’ என்கிறார் சேக்கிழார். காவலன் தத்தன் தடுக்கிறான்: அரசர் உறங்குகிறார், சமயம் பார்த்துப் போக வேண்டும். முத்தநாதன் நிற்கவில்லை. யாரிடமும் இல்லாத ஆகம நூல் கொண்டுவந்திருக்கிறேன் என்கிறான். மன்னர் தேவியை அனுப்பிவிட்டு, அவனுக்கு உயர்ந்த ஆசனம் கொடுத்து, தான் கீழே உட்கார்ந்து பாடம் கேட்கத் தயாராகிறார். சுவடியைப் பிரிப்பவன்போலக் கட்டை அவிழ்த்து, ஆயுதத்தை எடுத்துக் குத்துகிறான். தத்தன் வாளோடு பாய, குத்துப்பட்டுச் சாயும் மன்னர் சொன்னது ‘தத்தா நமர்’, அதாவது இவர் நம்மவர். கொலைகாரனை ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொல்கிறார். தத்தன் விட்டுவிட்டு வந்து சொன்ன பிறகுதான் உயிர் பிரிகிறது.

சுவடிக்கட்டு, நீறு, ஆகமம் எல்லாமே மன்னருடைய மரியாதைக்கென்று தேர்ந்தெடுத்த பொருள்கள். போலீஸ் சட்டை போட்டு வீடியோ காலில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டுகிறவன் செய்வதும் இதுதான். சட்டத்தில் அப்படி ஒரு நடைமுறையே கிடையாது. ஆனாலும் சட்டத்துக்குப் பயந்து ஒழுங்காக வாழ்கிறவர்தான் அதில் மாட்டுகிறார்.

தெரிந்தாலும் தப்ப முடியாது

ஒப்பனைதான் காரணம் என்றால், வேடம் தெரிந்ததும் ஆட்டம் முடிந்துவிட வேண்டும். முடிவதில்லையே. வாமனன் மூன்றடி மண் கேட்டபோது, வந்திருப்பது திருமால் என்று சுக்கிராச்சாரியார் மாவலியிடம் சொல்லியே விடுகிறார். மாவலி கொடுக்கிறான். கவசகுண்டலம் கேட்டு அந்தணனாக வரப்போகிறவன் இந்திரன் என்று சூரியன் கர்ணனை முன்கூட்டியே எச்சரிக்கிறான். கர்ணன் கொடுக்கிறான். கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லாதவன் என்ற பெயர் அவனுக்குக் கவசத்தை விடப் பெரிது.

இதே கர்ணன்தான், அந்தணன் என்று பொய் சொல்லிப் பரசுராமரிடம் வில் கற்றவன். அந்தப் பொய்க்குக் கிடைத்தது, தேவையான நேரத்தில் மந்திரம் மறக்கும் சாபம். அந்தண வேடம் போட்டுப் பெற்றதை இழந்தான், அந்தண வேடத்தில் வந்தவனிடம் பிறவியோடு வந்ததையும் இழந்தான்.

கம்பன் அகலிகையைச் சொல்லும் இடமும் இப்படித்தான். வந்தவன் கணவன் அல்ல என்று அவள் உணர்ந்தாள், உணர்ந்த பின்னும் தகாது என்று ஓர்ந்திலள் என்கிறான். முழுக்க ஏமாந்தவள், முழுக்கத் தெரிந்தவள் என்ற இரண்டு வசதியான முடிவுக்கும் கம்பன் இடம் தரவில்லை.

மறைந்து வாழ்ந்தவர்கள் கொடுத்த விலை

ஒளிந்து பிழைக்கப் போடும் வேடத்தை யாரும் குற்றம் சொல்வதில்லை. 12 ஆண்டு வனவாசம், ஓராண்டு அஞ்ஞாதவாசம் என்பது சூதாட்ட நிபந்தனையே. யாருக்கும் தெரியாமல் இரு என்று எதிர்த்தரப்பே கேட்டிருக்கும்போது, வேடம் போடுவது ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது. பாண்டவர்கள் ஆயுதங்களை வன்னி மரத்தில் பிணம்போலக் கட்டித் தொங்கவிட்டு விராட நகருக்குள் போகிறார்கள். தருமன் கங்கன், வீமன் மடைப்பள்ளியில், அருச்சுனன் பிருகன்னளையாக நாட்டியம் சொல்லித் தருகிறான். திரௌபதி சைரந்திரி.

ஆனால் விலை உண்டு, அதைத் திரௌபதி கொடுக்கிறாள். அரசி என்று தெரிந்திருந்தால் விராடனின் மைத்துனன் கீசகன் அவளை அடையத் துரத்தியிருக்கமாட்டான். பணிப்பெண் வேடம் அவளை ஒளித்ததோடு, பணிப்பெண்ணுக்கு நேரும் எல்லாவற்றுக்கும் ஆளாக்கியது. சபையில் அவன் எட்டி உதைக்கும்போது, பக்கத்தில் இருந்த தருமன் வேடத்தைக் கலைக்க முடியாமல் இருக்கிறான். வட சென்னையிலும் திருவள்ளூர்ப் பக்கத்து ஊர்களிலும் உள்ள திரௌபதி அம்மன் கோயில்களை அறிந்தவர்களுக்குப் பாரதக் கூத்து புதிதல்ல. கூத்தில் வழக்கமாக ஆண் ஒருவர் பாஞ்சாலியாக வேடம் கட்டுவார், அந்தப் பாஞ்சாலி சைரந்திரியாக வேடம் போடுவாள். பார்க்கிறவர்கள் அந்த இரண்டு அடுக்கையும் மறந்து கீசகனைத் திட்டுவார்கள்.

மணிமேகலையில் விலை இன்னும் அதிகம். தன்னைத் தொடரும் உதயகுமாரனிடமிருந்து தப்ப, மணிமேகலை மந்திரத்தால் காயசண்டிகை வடிவம் எடுக்கிறாள். காயசண்டிகை யாரையும் துன்புறுத்தாத பெண், யானைத்தீ என்னும் தீராப் பசியால் 12 ஆண்டு வாடியவள். தற்காப்புக்காக எடுத்த வடிவம், யாருக்கு என்ன நஷ்டம்? காயசண்டிகையைத் தேடி அவள் கணவன் காஞ்சனன் வருகிறான். தன் மனைவியைப் பார்க்கிறான், அவள் தன்னைக் கண்டுகொள்ளாமல் உதயகுமாரனிடம் பேசுவதைப் பார்க்கிறான். அன்று இரவு அவளைத் தேடி உலகவறவி என்ற அம்பலத்துக்கு வந்த இளவரசன் உதயகுமாரனை வாளால் வெட்டிவிடுகிறான். மூன்று பேரில் ஒருவர்கூட இந்தச் சாவைத் திட்டமிடவில்லை. வேடம் போட்டவர் தான் யாரை ஏமாற்றுகிறோம் என்று நினைக்கிறாரோ, அவரோடு அது நிற்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன கதை தமிழில் இல்லை என்பேன்.

எங்கே கசியும்?

வேடம் கலைவது பெரும்பாலும் முகத்தால் அல்ல.

1. உடல் பழக்கம். அந்தணர் வேடத்தில் கண்ணனும் வீமனும் அருச்சுனனும் சராசந்தனிடம் போனபோது, கையில் நாண் உரசிய தழும்பைப் பார்த்துவிடுகிறான். கிரேக்கக் காவியத்தில் 20 ஆண்டு கழித்துப் பிச்சைக்காரனாகத் தன் வீட்டுக்கே வரும் ஒடிசியூசை, கால் கழுவிவிடும் செவிலித்தாய் பன்றி குத்திய பழைய தழும்பால் அறிகிறாள். அவள் கத்திவிடாமல் இருக்க அவன் அவள் குரல்வளையைப் பிடிக்கிறான்.

2. கைத்திறன். கார்க்கோடகன் தீண்டி உருமாறிய நளன் வாகுகன் என்ற பெயரில் சமையல்காரனாகவும் தேரோட்டியாகவும் இருக்கிறான். தமயந்தி முகத்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை. அவன் சமைத்த உணவை வரவழைத்துப் பார்க்கிறாள். பிள்ளைகளை அனுப்பிப் பார்க்கிறாள். அவனை அங்கே வரவழைத்ததே, தனக்கு மறுநாள் இரண்டாம் சுயம்வரம் என்று அவள் பரப்பிய பொய். அத்தனை வேகமாகத் தேரோட்ட நளனால் மட்டும்தான் முடியும். வேடத்தைக் கலைக்க அவளும் ஒரு சூழ்ச்சியைத்தான் எடுக்கிறாள்.

3. சொல். கம்பராமாயணத்தின் மாயா சனகப் படலத்தில், மருத்தன் என்ற அரக்கன் சீதையின் தந்தை வடிவில் கொண்டுவரப்படுகிறான். உருவத்தில் குறையே இல்லை. சீதை தந்தை என்றே நம்பி அழுகிறாள். இராவணனுக்கு இணங்கு என்று அவன் சொன்னதும், தந்தையே ஆனாலும் ஏற்கமாட்டேன் என்று சீறுகிறாள். உண்மையைத் திரிசடை பிறகு சொல்வது ஆறுதலுக்கு மட்டுமே. வேடம் அதற்கு முன்பே தோற்றுவிட்டது.

வள்ளுவர் இரண்டு இடத்தில் பேசுகிறார்

28ஆம் அதிகாரமான கூடாவொழுக்கத்தில் பொய்த் துறவியை வள்ளுவர் உரித்து எடுக்கிறார். புலித்தோல் போர்த்து மேயும் மாடு என்கிறார். புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடன் என்கிறார். இதே வள்ளுவர் 59ஆம் அதிகாரமான ஒற்றாடலில், ‘துறந்தார் படிவத்தர் ஆகி’ எங்கும் புகுந்து ஆராய்ந்து, என்ன செய்தாலும் சோர்ந்துபோகாதவனே ஒற்றன் என்கிறார். அதே காவி, அதே பொய். ஒன்று பாவம், இன்னொன்று உத்தியோகத் தகுதி.

முரண்பாடு என்று தோன்றும். முன்னது அறத்துப்பால், பின்னது பொருட்பால் என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு அது போதாது. கூடாவொழுக்கக்காரன் துறவி என்ற மரியாதையைத் தனக்காக அனுபவிக்கிறான். ஒற்றன் அந்த உருவத்தில் புகுந்து செய்தி மட்டும் எடுக்கிறான், அதுவும் அரசுக்காக. ஆனால் ஒற்றர்கள் பெருகினால் அசல் துறவியையும் ஊர் சந்தேகிக்கும். அந்தச் சேதத்தைப் பற்றி வள்ளுவர் அந்த அதிகாரத்தில் எதுவும் சொல்லவில்லை.

வேடம் பொய், கேட்டது மெய்யா?

ஒற்றியூருக்குத் திரும்புவதற்கு முன், சுந்தரர் வாழ்க்கை எப்படித் தொடங்கியது என்று பார்க்க வேண்டும். புத்தூரில் அவருக்குத் திருமணம் நடக்க இருந்த பந்தலில், ஒரு கிழ அந்தணர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இதோ என்கிறார். அந்தணன் அந்தணனுக்கு அடிமையா, பித்தனோ என்று சுந்தரர் சிரிக்கிறார். துரத்திப் பிடித்து ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழவர் அசரவில்லை. அது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. பாட்டனார் எழுதிய வேறு ஓலையை எடுத்துக் கையெழுத்தை ஒப்பிட்டு, ஓலை செல்லும் என்று தீர்ப்பாகிறது. உன் வீடு எங்கே என்றால், கிழவர் கோயிலுக்குள் போய் மறைகிறார்.

இங்கே வந்த உருவம் பொய். கேட்டது மெய்: சுந்தரர் கயிலையில் சிவனுக்குத் தொண்டு செய்தவர்தான். முத்தநாதனிடம் உருவமும் பொய், ஆகமம் சொல்கிறேன் என்றதும் பொய். நம் கதைகள் வேடத்தைப் பிரித்துப் பார்க்கும் கோடு இங்கேதான் ஓடுகிறது என்று நினைக்கிறேன். நம்பியவர் எதை நம்பினாரோ அது அவருக்குக் கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

இந்த அளவுகோல் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. இயற்பகை நாயனாரிடம் அந்தணராக வந்து சிவன் மனைவியைக் கேட்கிறார், அவர் கொடுத்துவிடுகிறார், தடுக்க வந்த சுற்றத்தாரை வெட்டுகிறார். கடைசியில் எல்லோருக்கும் நற்கதி என்று கதை முடிந்தாலும், சோதனை அவருக்கு, வெட்டு மற்றவர்களுக்கு. பக்தியோடு படிக்கிறவர்களுக்கும் அங்கே கொஞ்சம் தொண்டையில் சிக்கும்.

மகிழடிக்கு இந்த அளவுகோல் நன்றாகவே பொருந்துகிறது.

1. சங்கிலியார் நம்பியது, சத்தியம் கட்டும் என்று. சுந்தரர் திட்டப்படி நடந்திருந்தால் அது கட்டாது. மகிழடியில் அது கட்டியது.
2. சிவன் சுந்தரரிடம் மகிழடியில் இருப்பேன் என்றார், இருந்தார். சொன்ன சொல் தவறவில்லை. ஒன்றை மறைத்தார், அவ்வளவுதான்.
3. கருவறை காலி, மரத்தடியில் ஆள் என்பது சுந்தரரே போட்ட ஏற்பாடு. அவர் விதியை வைத்தே அவர் சத்தியம் செல்லுபடியானது. ஓலையைக் கிழித்தால் வழக்குத் தீர்ந்தது என்று நினைத்தவர், இங்கே சன்னிதியைக் காலி செய்தால் சத்தியம் தீர்ந்தது என்று நினைக்கிறார்.

சத்தியம் மீறியதற்கான விளைவு படிப்படியாகத்தான் விலகுகிறது. திருவெண்பாக்கத்தில் கோயிலில் இருக்கிறீரா என்று சுந்தரர் கேட்க, ‘உளோம் போகீர்’ என்று பதில் வருகிறது. கிடைத்தது ஓர் ஊன்றுகோல். அந்தப் பழைய கோயில் இருந்த இடம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. ஊன்றீஸ்வரர் இப்போது கரையில் இடம் மாறி இருக்கிறார். காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண்.

ஆரூரில் பரவையார் கதவைத் திறக்கவில்லை. சுந்தரர் மறுபடி சிவனையே தூது அனுப்புகிறார். சிவன் நள்ளிரவில், அந்தக் கோயிலில் பூசை செய்யும் அர்ச்சகர் வடிவில் போகிறார். அர்ச்சகருக்குப் பரவையார் மரியாதை தருகிறார், கோரிக்கையை மறுக்கிறார்: ஒற்றியூரில் சங்கிலியில் கட்டுண்டவருக்கு இங்கே என்ன இருக்கிறது? அவரிடம் மட்டும் வேடம் பலிக்கவில்லை. இரண்டாம் முறை சிவன் தன் உருவிலேயே, கணங்கள் சூழ வருகிறார். அப்போது பரவையார் இசைகிறார். நேரில் வந்து நிற்கும் கடவுளிடம் எப்படி மறுப்பது? வேடத்தை மறுக்க அவருக்கு உரிமை இருந்தது, உண்மை உருவத்தை மறுக்க வழியில்லை.

இதைச் சரியில்லை என்று சொன்னவரும் அதே புராணத்தில் இருக்கிறார். பெண்ணிடம் தூது போகக் கடவுளை ஏவுவதா என்று கொதித்தவர் ஏயர்கோன் கலிக்காமர். தன்னை வாட்டிய சூலை நோய் சுந்தரரால் குணமாவதை விடச் சாவது மேல் என்று வயிற்றைக் கிழித்துக்கொண்டவர். சேக்கிழார் அவரையும் நாயனாராகத்தான் வைக்கிறார், சுந்தரரின் ஒற்றியூர்க் கதையையே அவர் பெயரில் அமைந்த புராணத்துக்குள் சொல்கிறார். சங்கிலியாரோ கடைசியில் கயிலையில் மறுபடி உமையம்மையின் சேடியாக, அநிந்திதை என்ற பழைய பெயரோடு வருகிறார்.